அடுப்புக்குள் ஒரு படிகம்

கேஸ் அடுப்பின் குமிழைத் திருகுகிறோம். 'டக்' என்ற ஓசையோடு பொறி பறக்கிறது. தீக்குச்சி இல்லை, பல அடுப்புகளில் பேட்டரியும் இல்லை. பொறி எங்கிருந்து வந்தது?

குமிழுக்குப் பின்னால் ஒரு சிறு சுத்தி, ஒரு பீங்கான் துண்டின்மேல் ஓங்கி அடிக்கிறது. உடனே அதில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. சோற்றுத் தட்டை அப்படி அடித்தால் தட்டுதான் உடையும்! இந்தப் பீங்கானில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை வேறு.

1839-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்திற்கு, பெரோவ்ஸ்கி என்ற பிரமுகரின் பெயரால் 'பெரோவ்ஸ்கைட்' எனப் பெயரிட்டனர். அதே அடுக்குமுறை கொண்ட பொருள்களுக்கெல்லாம் இன்று அதுவே பெயர். ஒரு சதுரப் பெட்டியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். எட்டு மூலைகளிலும் பெரிய அணுக்கள். ஆறு பக்கங்களின் நடுவிலும் பிராணவாயு அணுக்கள். பெட்டியின் மையத்தில் ஒரு சிறிய அணு.

அடுப்பிலுள்ள பீங்கானில் மூலையில் இருப்பது காரீயம். (நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த ஈயம் வெள்ளீயம், இது வேறு.) மையத்தில் டைட்டேனியம் அல்லது சிர்கோனியம். அந்த மைய அணு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. அதனால் பெட்டியின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். அடிபட்டுப் பெட்டி நசுங்கும்போது அந்த நிலை மாறுகிறது, மின்னழுத்தம் எழுகிறது.

காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அடுப்புக்குள் இருக்கும்வரை அச்சமில்லை. செய்யும் இடத்திலும், பழையதை உடைத்து எரிக்கும் இடத்திலும்தான் தொல்லை. அப்படியானால் அதை நீக்கிவிடலாமே என்போம். நீக்கினால் வேலை கெடும். காரீயத்தின் வெளிப்புற எலெக்ட்ரான் இணை ஒன்றும் அணுக்களை ஒதுக்கித் தள்ளுகிறது.

தனிமங்களின் வரிசையில் காரீயத்துக்கு அடுத்த வீடு பிஸ்மத். அதற்கும் அதே எலெக்ட்ரான் இணை உண்டு. நச்சுத்தன்மையோ மிகக் குறைவு. அதை மூலையிலும் இரும்பை மையத்திலும் வைத்தால் பிஸ்மத் ஃபெரைட் கிடைக்கிறது. மூலை மின் வேலையைப் பார்க்கிறது. மையம் காந்த வேலையைப் பார்க்கிறது. ஒரே பொருளில் இரு குணம்! ஆனால் அடுத்தடுத்த இரும்பணுக்களின் காந்தம் எதிரெதிராக நிற்பதால், அது ஓர் ஆணியைக்கூட இழுக்காது. மின்சாரமும் எளிதில் கசிகிறது. 2003-இல் மெல்லிய படலமாகச் செய்து பார்த்தபோது அதன் மின் குணம் வலுவாக வெளிப்பட்டது, ஆய்வும் சூடுபிடித்தது.

அடுப்புக் குமிழுக்குப் பின்னால் இருப்பது இன்றும் பெரும்பாலும் காரீயப் பீங்கான்தான். பழைய அடுப்பைப் பிள்ளைகள் உடைத்து விளையாட விடவேண்டாம்.