மணலியின் கூண்டு விளக்குகள்

இரவில் சென்னையின் மணலி வழியாகச் செல்வோரின் கண்ணில் படும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில், பல விளக்குகள் தடித்த கண்ணாடிக்குள்ளும் கனத்த உலோகக் கூட்டுக்குள்ளும் அடைபட்டிருப்பது ஏன்?

எரிவாயு உள்ளே நுழையாமல் தடுக்கத்தான் என்று பலரும் எண்ணுவது இயல்பே. ஆனால் ‘ஃபிளேம்ப்ரூஃப்’ எனப்படும் இந்தச் சுடர்காப்பு விளக்கு வாயுவை முற்றிலும் தடுப்பதில்லை. உள்ளே புகுந்த வாயு தீப்பற்றி வெடித்தாலும் கூடு உடையாமல் தாங்குகிறது. போல்ட்டுகளால் இறுக்கிய விளிம்புகளுக்கிடையே, நகத்தின் கனத்தைக்கூட எட்டாத இடுக்கு வழியே வெளியேறும் அனல், அந்த உலோகத்திடம் தன் வெப்பத்தைப் பறிகொடுத்துத் தணிந்துவிடுவதால், வெளியில் உள்ள வாயு பற்றிக்கொள்வதில்லை.

இதன் மூதாதை நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பிறந்தது. 1815-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையைப் போர்த்தி, வலை வெப்பத்தை உறிஞ்சுவதால் தீ வெளியே தாவாத விளக்கை அமைத்தார். உயிர்காத்த அந்த வலையே வெளிச்சத்தையும் மறைத்தது என்பதுதான் வேதனை. மங்கிய ஒளியில் ஆண்டுக்கணக்கில் கரி வெட்டிய தொழிலாளர் பலருக்குக் கருவிழிகள் நில்லாமல் ஊசலாடும் நோய் வந்தது. போதிய வெளிச்சமின்மையே அதற்கு முதன்மைக் காரணம் என மருத்துவர்கள் கருதினர். பின்னாளில் தொப்பியில் பொருத்தும் மின்விளக்கு வந்த பிறகு, சுரங்கத் தொழிலாளி தன் முகம் திரும்பும் திசையெல்லாம் ஒளியைக் கண்டார்.