ஆலைகளின் நடுவே மரங்கள்

ரப்பர் மரத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு மரத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், அது கரிமக் களஞ்சியம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கின்றன. சூரிய ஒளியின் துணையால் அதிலுள்ள கரிமம் மரமாகிறது. உலர்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமமே! நாம் சீவியெடுக்கும் பாலிலுள்ள ரப்பரும் அவ்வாறு உருவானதுதான்.

சிங்கப்பூரில் 1963-ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். நகரைப் பசுமையாக்கும் எண்ணமே அன்று முன்னின்றது. 2020-இல் தொடங்கிய பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கமோ, எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவையும் விட்டுவைக்கவில்லை. தொழிற்பேட்டைகளில் 2030-ஆம் ஆண்டுக்குள் 260,000 மரங்கள் இருக்க வேண்டுமென்பது திட்டம்.

புகைபோக்கிகள் கக்கும் வாயு முழுவதையும் இம்மரங்கள் விழுங்கிவிடுமா? விழுங்கா. ஆலைகள் புகையைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால், தார்ச்சாலையின் வெம்மையைத் தணிக்க மரநிழலைப் போல் வேறொன்றில்லை. கன்று நடுவது ஒருநாள் வேலை. கடலைத் தூர்த்த மண்ணில் அதை வேரூன்றச் செய்வதே பெரும்பாடு. பட்டுப்போன மரம் மக்கினாலும் எரிந்தாலும் கரிமம் மீண்டும் காற்றில் கலந்துவிடும். பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து மேசை நாற்காலி செய்தாலோ, அவை இருக்கும்வரை கரிமமும் அவற்றினுள்ளேயே அடங்கிக் கிடக்கும்.