கப்பலில் எந்த அறை நல்ல அறை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முக்கடலும் கூடும் மாவட்டத்தில் பிறந்திருந்தும், கப்பலில் ஏறியவர்கள் நம்முள் மிகச் சிலரே. அதிலும் நான் பிறந்த மயிலாடி, கல்லில் சிலை வடிக்கும் ஊர். உளிச் சத்தம் பழகிய அளவுக்கு எங்களுக்கு அலைச் சத்தம் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கடலேறிய முதல் ஆள் என் அண்ணன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, உணவுவிடுதிப் பயிற்சி பெற்று, அயல்நாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் அறைப் பணியாளராக இருக்கிறார். நாளொன்றுக்குப் பதினெட்டு அறைகளைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்பது அவர் வேலை.

சென்ற விடுமுறையில் வந்தபோது, கப்பல் அறைகளின் படங்களும் கட்டணங்களும் அச்சிட்ட ஒரு புத்தகத்தை என் முன் விரித்து வைத்தார். அம்மாவை ஒருமுறையேனும் மூன்று நாள் கப்பல் பயணம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "நீ பௌதிகம் படிக்கிறவன்லா? அம்மைக்கு எந்த அறை எடுக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுடே" என்றார். நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போனாலே அம்மாவுக்குத் தலை சுற்றும். ஆகவே கேள்வி எளிதாக இல்லை. அதற்கு விடை தேடிய வழியில் நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறைகளின் வகைகள்

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஒரு சிற்றூர். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1990-இல் பிரான்சு நாட்டில் கட்டி முடிக்கப்பட்ட அக்கப்பலின் நீளம் சுமார் 210 மீட்டர். நம் கல்லூரி விளையாட்டுத் திடலின் நூறு மீட்டர் ஓட்டப் பாதையை இருமுறை நீட்டிப் போட்டது போல என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இத்தகைய கப்பல்களில் பொதுவாக நான்கு வகை அறைகள் உண்டு. முதலாவது உள் அறை. இது கப்பலின் நடுப்பகுதியில் அமைவது, சன்னல் இல்லை, விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவுதான். கட்டணம் மிகக் குறைவு. இரண்டாவது, கடல் தெரியும் சன்னல் அறை. கண்ணாடி உண்டு; ஆனால் திறக்க இயலாது. மூன்றாவது, பால்கனி அறை. கதவைத் திறந்து வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். நான்காவது, 'ஸ்வீட்' எனப்படும் தொகுப்பறை. படுக்கைக்கு ஓர் இடம், அமர்வதற்கு ஓர் இடம், கூடுதல் பணிவிடை, வரிசையில் நிற்காமல் ஏறும் சலுகை என இதற்கு மதிப்பும் விலையும் அதிகம்.

விலை ஏற ஏற அறை நல்லதாகும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். இடவசதியைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் கடலுக்கு அந்த விலைப்பட்டியல் தெரியாதே!

இயற்பியல் கூறுவது என்ன?

கப்பல் ஆறு விதமாக அசைகிறது. மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்வது மூன்று. முன்முனை உயர்ந்து பின்முனை தாழும் முன்பின் ஊசல், இரு பக்கங்களுக்கும் சாயும் பக்க உருளல், மூக்கு இடவலமாகத் திரும்பும் திருப்பம் ஆகியவை மற்ற மூன்று. பயணியின் வயிற்றைக் கலக்குபவை பெரும்பாலும் முன்பின் ஊசலும், பக்க உருளலும், மேல்கீழ் அசைவும் ஆகும்.

சிறுவர் பூங்காவில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையை நினைவுகூருங்கள். நுனியில் இருப்பவன் வானுக்கும் மண்ணுக்குமாகப் பறக்கிறான். நடுவில் நிற்பவன் அசைவதே தெரிவதில்லை. கப்பலும் அப்படித்தான். 210 மீட்டர்க் கப்பல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், நடுவிலிருந்து நூறு மீட்டர் தள்ளியுள்ள முன்முனை அறை ஏறத்தாழ 1.75 மீட்டர் உயரும். அஃதாவது ஓர் ஆள் உயரம். நடுவிலிருந்து இருபது மீட்டருக்குள் உள்ள அறையோ 35 சென்டிமீட்டர்தான் உயரும். ஒரு படிக்கட்டின் இரு படிகள் அளவு. இந்த ஊசல் எட்டு விநாடிக்கு ஒருமுறை நிகழ்வதாகக் கொண்டால், முன்முனை அறையில் படுத்திருப்பவர் உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. நடு அறையில் அது நாற்பத்தைந்தில் ஒரு பங்கே. ஒரே கப்பல், ஒரே அலை. வேறுபாடு ஐந்து மடங்கு!

பக்க உருளலுக்கும் இதே கணக்குதான். இங்கு நீளத்துக்குப் பதில் உயரம். உருளலின் அச்சு ஏறத்தாழ நீர்மட்டத்தை ஒட்டி அமைகிறது என்று கொள்வோம். கப்பல் மூன்று பாகை சாய்ந்தால், அச்சுக்கு 25 மீட்டர் மேலே உள்ள அறை 1.3 மீட்டர் பக்கவாட்டில் நகரும். 5 மீட்டர் மேலே உள்ள அறை 26 சென்டிமீட்டர் நகரும்.

இக்கால உல்லாசக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்புப் போன்ற தகடுகள் உண்டு. கப்பல் ஓடும்போது இவை பக்க உருளலை வெகுவாகக் குறைத்துவிடும். ஆனால் முன்பின் ஊசலை இவற்றால் பெரிதாக அடக்க இயலாது. ஆகவே அறை எந்தத் தளத்தில் உள்ளது என்பதைவிட, கப்பலின் நடுவிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே முதலில் பார்க்கத்தக்கது.

தலைசுற்றலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு "நீ அசைகிறாய்" என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ எதிரே அசையாத சுவரைக் கண்டு "இல்லை" என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாக வெளிப்படுகிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில் அம்மா ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அவதிப்பட்டபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "கண்ணத் திறந்து தூரத்துல பாருங்கம்மா" என்றார். சற்று நேரத்தில் தெளிந்தது. அந்தப் பெரியவர் கூறியது நூற்றுக்கு நூறு அறிவியல்! தொடுவானம் தெரியும் சன்னல் அறைக்கு இதனால் ஒரு தனிச் சிறப்பு உண்டு.

வரைபடத்தைப் படியுங்கள்

அறையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. கப்பலின் தள வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் அனுபவப் பாடம். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம் உத்தமம். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். ஆட்டக்கூடம் இருந்தால் நள்ளிரவு வரை உறக்கம் இராது. முன்முனையில் நங்கூரச் சங்கிலியின் இரைச்சலும், பின்முனையில் உந்துவிசிறியின் அதிர்வும் உண்டு. சில சன்னல்களுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக் கடலை மறைக்கும். மின்தூக்கிக்கு அருகே பேச்சரவம் மிகுதி. ஆயினும் முழங்கால் வலியுள்ள முதியோருக்கு அதுவே வசதி. "அறையை நாங்களே ஒதுக்குவோம்" என்ற நிபந்தனையுடன் வரும் மலிவுச் சீட்டில், இடத்தைத் தேரும் உரிமை நமக்கு இராது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும்போது கப்பலின் இடப்பக்கம் கிழக்கு. கதிரவன் உதயத்தைக் காண விரும்புவோர் அப்பக்க அறையைக் கேட்கலாம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல்களின் காலம். தவறான மாதத்தில் தேர்ந்த சரியான அறை பயன் தராது.

அன்றும் இன்றும்

கப்பலில் வகுப்புப் பிரிவு புதியதன்று. வ.உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் 'காலியா' கப்பலில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1300 பேரும் செல்லலாம் என்பர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1926 முதல் பல்லாண்டுகள் ஓடிய 'ரஜுலா' கப்பலில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் சென்றது அறைகளில் அன்று, திறந்த தளத்தில்தான். பாயும் பெட்டியுமே அவர்களது அறை. மலேயாவின் தோட்டங்களையும் சிங்கப்பூரின் துறைமுகத்தையும் உழைப்பால் உருவாக்கியவர்கள் அந்தத் தளப் பயணிகளே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வகுப்பு உயிரையும் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது முதல் வகுப்பினரில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரில் நான்கில் ஒருவரே பிழைத்தார். அதன் விளைவாக 1914-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்றது. இன்று எந்த அறைச் சீட்டு வாங்கினாலும் அந்த உரிமை ஒன்றே.

எங்கள் முடிவு

கணக்கை எல்லாம் எழுதி அண்ணனிடம் காட்டினேன். அவர் மனத்தில் இருந்தது மேல் தளத்தின் முன்முனையில் உள்ள ஸ்வீட் அறை. மிக விலையுயர்ந்த அதுவே மிகுதியாக ஆடும் அறைகளில் ஒன்று என்று நான் கூறியதும் அவர் சிரித்தார். "எங்க பணியாளர் அறை தண்ணி மட்டத்துக்குக் கீழே; அங்க ஆட்டமே தெரியாது" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆட்டத்துக்காகச் சொல்லலடே. தினமும் யார் யாருக்கோ நான் விரிக்கிற அந்த மெத்தையில அம்மை ஒரு ராத்திரியாவது படுக்கணும்" என்றார். இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நீ படுக்கிற அறைக்கு சன்னல் உண்டா மக்களே?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றார் அண்ணன். "அப்ப எனக்கு சன்னல் இருந்தாப் போதும்" என்றார் அம்மா.

நடுப்பகுதியில், கீழ்த்தளங்களுள் ஒன்றில், கடல் தெரியும் சன்னல் அறை என்று முடிவாயிற்று. பருவக்காற்றும் புயலும் ஓய்ந்த பிப்ரவரியில் பயணம் என்றும் குறித்திருக்கிறோம். அண்ணனின் பயிற்சிக் கட்டணத்துக்காக அடகு வைத்த அம்மாவின் வளையல்கள் இன்னும் மீளவில்லை. ஸ்வீட் அறைக்கும் சன்னல் அறைக்கும் உள்ள கட்டண வேறுபாட்டில் ஒரு வளையலை மீட்டுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அப்பா சிலையின் நிமிர்வைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பவர். அவர் கணக்குப் பிழைப்பதில்லை.

நண்பர்களே! நாளை நீங்கள் பட்டம் பெற்று, பொருளீட்டி, பெற்றோரைக் கடற்பயணம் அழைத்துச் செல்லும் நாள் வரும். அன்று அறையின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். அது கப்பலின் எவ்விடத்தில் உள்ளது என்று கேளுங்கள். எந்த மாதம் என்று கேளுங்கள். உடன் வருபவரின் உடல் எதைத் தாங்கும் என்று கேளுங்கள். காலையில் உங்கள் படுக்கையைச் சீராக்க வருபவரிடம் அவர் ஊர் எது என்றும் கேளுங்கள். அவர் நம் மாவட்டத்துக்காரராகவும் இருக்கக்கூடும்.