மத்தியும் புளியும்

மீன் சந்தைக்குள் நுழைகிறவர்களின் பார்வை முதலில் வஞ்சிரத்தின் மேலும் வாவலின் மேலும் செல்வதும், விலையைக் கேட்ட பிறகே மத்திக் கூடையின் பக்கம் திரும்புவதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. விலை குறைந்த பதார்த்தம் குணத்திலும் குறைந்ததாகவே இருக்கும் என்னும் அபிப்பிராயமே இதற்குக் காரணம். மத்தியின் விஷயத்தில் அது முற்றிலும் பிசகு. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளை உண்டு, கூட்டங்கூட்டமாகச் சஞ்சரிக்கும் இச்சிறு மீனின் சரீரத்தில், இருதயத்துக்கு நலம் தருவதென்று வைத்திய சாஸ்திரம் கூறும் ஒமேகா-3 கொழுப்பு தாராளமாகச் சேர்ந்திருக்கிறது.

மத்தியை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் பெரிய குறை அதன் கவிச்சி. ஆனால் வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மத்தியில் அந்த நாற்றம் கிடையாது. கடல் மீன்களின் தசையில் இயல்பாகவே இருக்கும் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற மணமற்ற பொருளை, மீன் இறந்தபின் அதில் பெருகும் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றிவிடுகின்றன. எளிதில் ஆவியாகி மூக்கைத் துளைப்பது அதுதான். அது காரத்தன்மை உடையதாகையால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்ததும் ஆவியாகாத உப்பாக மாறிக் குழம்பிலேயே அடங்கிப் போகிறது. ரசாயன சாஸ்திரத்தின் வாசனையே அறியாத நம் பாட்டிமார் மீனையும் புளியையும் பிரிக்காமல் வைத்தது எத்தனை நுட்பமான காரியம்!

எனினும் புளி நாற்றத்தை அடக்குமேயன்றிக் கெட்ட மீனை நல்ல மீனாக்காது. மத்தி, அயிலை, சூரை ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். உண்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை. ஆதலால் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலெழுகிறதா என்று சோதிப்பதும், வயிறு வெடித்த மத்தியைத் தள்ளிவிடுவதும், பேரம் பேசுவதைவிட அவசியமானவை.

இனிச் சமையல். ஆட்டிறைச்சியைப்போல மீனை நெடுநேரம் வேகவைக்க வேண்டியதில்லை. தன் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால், நிலத்தில் நடமாடும் பிராணிகளுக்கு வேண்டிய அளவு உறுதியான இணைப்புத் திசு மீனுக்குத் தேவைப்படவில்லை. இருக்கிற சொற்பக் கொல்லாஜனும் 50, 55 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே இளகிவிடுகிறது. அடுக்கடுக்கான தசைகளைப் பிணைத்திருந்த மெல்லிய சவ்வுகள் கரைந்ததும், மீன் இதழ் இதழாகப் பிரிகிறது.

எனவே குழம்பை முதலில் முழுமையாக முடித்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் வெந்தயம் பொரிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதங்கி, தக்காளி குழைந்து, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கலந்த புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் மேலே மிதந்து வருகிறவரை மீன் தட்டிலேயே காத்திருக்கட்டும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவிய மத்தியை அதன் பிறகு இட்டால் ஐந்தாறு நிமிஷம் போதும். அப்போது கரண்டியை உள்ளே விடாமல், சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவதே முறை. சவ்வு கரைந்த மீன் கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும். மண்சட்டியானால் மீன் முக்கால் பதம் வெந்ததுமே இறக்கிவிடலாம். சட்டி ஏந்தியிருக்கும் உஷ்ணத்தால் குழம்பு அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் சற்று நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். மீதிப் பதத்தை அது பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் மீன் குழம்புக்குத் தனி ருசி என்பது வெறும் பிரமையன்று. உப்பும் புளிப்பும் சதைக்குள் மெல்ல மெல்லப் பரவ அவகாசம் கிடைக்கிறது. தோலிலும் முள்ளிலுமிருந்து கரைந்த ஜெலட்டின் குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. நம் ஊர் வெக்கையில் இராமுழுதும் வெளியே வைக்காமல், ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே உசிதம். காலையில் சூடாக்கும்போது மீனைப் பதமாக ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மீனை அதில் இறக்கி ஆவி பறக்கச் சூடேறியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சதை சக்கையாகாமல் முதல் நாளைய மென்மையோடு இருக்கும்.