ஊடகக் கற்கைகள் பட்டப்படிப்பு: தகுதியும் தெரிவும்

திரைப்படத்திலும் இணைய ஊடகத்திலும் ஆர்வமுள்ள மாணவர்களே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை உண்டு. அங்கு நுழையக் கமெராத் திறமை மட்டும் போதாது. பின்வரும் இரண்டையும் வேறுபடுத்தி விளங்கிக்கொள்ளுங்கள்.

1. தகுதி: க.பொ.த. உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைதல் வேண்டும். அத்துடன் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெறல் வேண்டும்.

2. தெரிவு: தகுதி பெற்ற எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியின் அடிப்படையிலேயே மாணவரைத் தெரிவுசெய்கிறது.

உதாரணம்: ஒரு பாடத்தில் இடை 50, நியமவிலகல் 10 எனக் கொள்வோம். 65 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி:
(65 − 50) ÷ 10 = 1.5
இடை 60 ஆக இருந்தால், அதே 65 புள்ளிக்கு 0.5 மட்டுமே கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதியாகக் கொள்ளப்படும்.

ஆகவே, “லேசான பாடம்” என்று பிறர் சொல்வதைக் கேட்டு உயர்தரப் பாடங்களைத் தெரிவுசெய்யாதீர்கள். எல்லோரும் கூடிய புள்ளி பெறும் பாடத்தில் இடையும் உயரும். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் உயர்தரத்திலும் ஒரு பாடமாகும். உங்கள் பாடசாலையில் அது கற்பிக்கப்படுகிறதா என இப்போதே விசாரியுங்கள்.

நினைவிற் கொள்க: மூன்று சித்திகள் விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தரும்.