பிரீமியர் லீக் தரமிறக்க முன்கணிப்பு

பிரீமியர் லீக் தரமிறக்க முன்கணிப்பு என்பது, இங்கிலாந்துக் காற்பந்தாட்டத்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் 20 கழகங்களுள், தொடங்கவிருக்கும் பருவத்தின் முடிவில் எந்த மூன்று கழகங்கள் அடுத்த கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடுவதாகும். ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குவதற்கு முன்னர் செய்தியாளர்கள், முன்னாள் வீரர்கள், பந்தய நிறுவனங்கள், புள்ளியியலாளர்கள் எனப் பலரும் இவ்வாறான கணிப்புகளை வெளியிடுகின்றனர். 20 கழகங்களிலிருந்து மூன்றைத் தெரிவு செய்ய 1,140 வழிகள் உள்ளன. ஆதலால் மூன்று கழகங்களையும் சரியாகச் சொல்வது அரிது. எனினும், எந்தக் கழகங்களுக்கு எவ்வளவு ஆபத்து உள்ளது என்பதை ஓரளவு நம்பகமாக மதிப்பிட முடியும்.

தரமிறக்க முறை

1888 ஆம் ஆண்டில் 12 கழகங்களுடன் தொடங்கப்பட்ட புட்பால் லீக்கில் முதலில் தரமிறக்கம் இருக்கவில்லை. 1892 இல் இரண்டாம் பிரிவு உருவாக்கப்பட்டது. அதன் பின்னர் முதற்பிரிவின் கடைசிக் கழகங்களும் இரண்டாம் பிரிவின் முதன்மைக் கழகங்களும் தேர்வு ஆட்டங்களில் மோதின. 1898 இல் ஸ்டோக், பர்ன்லி ஆகிய இரு கழகங்களுக்கும் சமநிலையே போதும் என்ற நிலையில் அவை ஆடிய ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. இது கண்டனத்துக்கு உள்ளானதைத் தொடர்ந்து, 1898–99 பருவத்திலிருந்து புள்ளிப்பட்டியலின்படி நேரடியாகத் தரமிறக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

பிரீமியர் லீக் 1992 இல் 22 கழகங்களுடன் தொடங்கியது. 1995–96 முதல் 20 கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொரு கழகமும் மற்ற 19 கழகங்களுடன் சொந்த அரங்கில் ஒரு முறையும் எதிரணியின் அரங்கில் ஒரு முறையுமாக 38 ஆட்டங்கள் ஆடுகிறது. வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படுகின்றன. 18, 19, 20 ஆம் இடங்களைப் பெறும் கழகங்கள் சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலைத் தொடருக்கு இறக்கப்படுகின்றன. அங்கிருந்து மூன்று கழகங்கள் தரமுயர்வு பெறுகின்றன.

தரமிறக்கத்தின் விளைவுகள்

பிரீமியர் லீக் கழகங்களின் வருமானத்தில் பெரும்பகுதி தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையிலிருந்து கிடைக்கிறது. தரமிறக்கப்படும் கழகம் இதன் பெரும்பகுதியை ஒரே பருவத்தில் இழக்கிறது. இவ்வீழ்ச்சியைத் தணிக்க, மூன்று ஆண்டுகள் வரை படிப்படியாகக் குறையும் இடைக்கால உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஆயினும் வீரர்களை விற்பதும் பணியாளர்களைக் குறைப்பதும் பல கழகங்களுக்குத் தவிர்க்க முடியாதவையாகி விடுகின்றன.

2000–01 பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ் யுனைடெட், கடன் சுமையால் வீரர்களை விற்று, 2004 இல் தரமிறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனது அரங்கான எலண்ட் ரோட்டையும் விற்றது. 2007 இல் மூன்றாம் நிலைக்கு வீழ்ந்த அக்கழகம் 2020 இலேயே பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. 2010 இல் தரமிறக்கப்பட்ட போர்ட்ஸ்மத் 2013 இல் நான்காம் நிலை வரை சென்றது. இதனால் வரவு செலவைத் திட்டமிடும் கழக நிருவாகத்துக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வீரருக்கும் தரமிறக்க வாய்ப்பு எவ்வளவு என்பது நடைமுறை முக்கியத்துவம் உடைய கேள்வியாகும்.

முன்கணிப்புக்கான அடிப்படைகள்

தரமுயர்வு பெற்ற கழகங்கள்

மிக எளிய முன்கணிப்பு, புதிதாகத் தரமுயர்வு பெற்ற மூன்று கழகங்களும் மீண்டும் இறங்கும் என்பதாகும். 2015–16 முதல் 2024–25 வரையான பத்துப் பருவங்களில் தரமுயர்வு பெற்ற 30 கழகங்களுள் 16 கழகங்கள் அதே பருவத்தில் தரமிறக்கப்பட்டன. இது ஏறத்தாழ 53 விழுக்காடு ஆகும். ஏனைய 17 கழகங்களுக்கு இதே காலத்தில் இவ்வீதம் ஏறத்தாழ 8 விழுக்காடாக இருந்தது.

எனினும் இவ்வீதம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுபடுகிறது.

- மூன்று கழகங்களும் தரமிறக்கப்பட்ட பருவங்கள்: 1997–98, 2023–24, 2024–25
- மூன்று கழகங்களும் தப்பிய பருவங்கள்: 2001–02, 2011–12, 2017–18, 2022–23

ஊதியச் செலவு

வீரர்களின் ஊதியத்துக்கு அதிகம் செலவிடும் கழகங்கள் நீண்ட காலத்தில் பட்டியலின் மேற்பகுதியில் இருப்பதைப் பொருளியலாளர் இசுடெபான் சிமான்ஸ்கி உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒரு தனிப் பருவத்தில் இத்தொடர்பு தளர்வானது. 2021–22 இல் 8 ஆம் இடம் பெற்ற லெஸ்டர் சிட்டி அடுத்த பருவத்திலேயே தரமிறக்கப்பட்டது.

கோல் வேறுபாடும் எதிர்பார்ப்புக் கோல்களும்

ஒரு கோல் வேறுபாட்டில் பல ஆட்டங்களை வென்று கூடுதல் புள்ளிகள் பெற்ற கழகம் அடுத்த பருவத்திலும் அவ்வாறே வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே முந்தைய பருவத்தின் புள்ளிகளுடன், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாடும் கவனிக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் எதிர்பார்ப்புக் கோல் என்னும் அளவும் பயன்படுகிறது. இது, கோலை நோக்கி அடிக்கப்பட்ட ஒவ்வோர் உதையும் எந்த இடத்திலிருந்து, எவ்வகையில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது கோலாகும் நிகழ்தகவைக் கணக்கிட்டுக் கூட்டிப் பெறும் எண் ஆகும்.

40 புள்ளிகள் என்னும் நம்பிக்கை

40 புள்ளிகள் பெற்றால் தரமிறக்கத்திலிருந்து தப்பலாம் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது விதியன்று. 38 ஆட்டங்கள் கொண்ட பருவங்களில் சண்டர்லாந்து (1996–97), போல்டன் வாண்டரர்ஸ் (1997–98) ஆகியவை 40 புள்ளிகளுடனும், வெஸ்ட் ஹாம் யுனைடெட் (2002–03) 42 புள்ளிகளுடனும் தரமிறக்கப்பட்டன. மாறாக, 2004–05 இல் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் 34 புள்ளிகளுடனும், 2023–24 இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளுடனும் தப்பின. 2024–25 இல் 18 ஆம் இடம் பெற்ற லெஸ்டர் சிட்டி 25 புள்ளிகளே எடுத்திருந்தது. ஒரு கழகத்தின் நிலை அதன் சொந்தப் புள்ளிகளை மட்டுமன்றி, அதற்குக் கீழே மூன்று கழகங்கள் உள்ளனவா என்பதையும் பொறுத்தது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

கணித மாதிரிகள்

காற்பந்தாட்டத்தில் கோல்கள் குறைவாகவே விழுவதால், அவற்றின் எண்ணிக்கையை விவரிக்கப் பாய்சான் பரவல் பயன்படுத்தப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆட்டத்தில் சராசரியாக 1 கோல் அடிக்கும் வலிமையுள்ள அணி, கோல் எதுவும் அடிக்காமலிருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 37 விழுக்காடு, ஒரு கோல் அடிக்கும் நிகழ்தகவும் 37 விழுக்காடு, இரண்டு கோல்கள் அடிக்கும் நிகழ்தகவு 18 விழுக்காடு ஆகும். மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் ஆகியோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் வலிமை, தற்காப்பு வலிமை என இரு எண்களைக் கொண்டு இவ்வகை மாதிரியை மேம்படுத்தியது.

இவ்வலிமைகளைக் கொண்டு பருவத்தின் 380 ஆட்டங்களும் கணினியில் பல்லாயிரம் முறை போலியாக ஆடப்படுகின்றன. 10,000 போலிப் பருவங்களில் ஒரு கழகம் 4,000 முறை கடைசி மூன்று இடங்களில் வந்தால், அதன் தரமிறக்க நிகழ்தகவு 40 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. மூன்று கழகங்கள் இறங்குவது உறுதியாதலால் 20 கழகங்களின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் 300 விழுக்காடு வரவேண்டும். பந்தய நிறுவனங்கள் தரும் விகிதங்களிலிருந்து பெறப்படும் கூட்டுத்தொகை இதைவிட மிகுதியாக இருக்கும். அம்மிகுதியிலிருந்தே அந்நிறுவனங்களின் இலாபம் வருகிறது.

முன்கணிப்பு தவறுவதற்கான காரணங்கள்

தற்செயல்: 38 ஆட்டங்கள் என்பது அணிகளின் உண்மையான வலிமையை முழுமையாக வெளிப்படுத்தப் போதுமான எண்ணிக்கை அன்று. 1937–38 இல் நடப்பு வாகையரான மான்செஸ்டர் சிட்டி, அப்பிரிவிலேயே மிக அதிகமாக 80 கோல்கள் அடித்தும் தரமிறக்கப்பட்டது.

பருவத்தின் இடையில் நிகழும் மாற்றங்கள்: காயங்கள், பயிற்றுநர் மாற்றம், சனவரி மாத வீரர் பரிமாற்றம் ஆகியவற்றை ஆகஸ்ட் மாதத்தில் அறிய முடியாது. கிறித்துமசு நாளில் கடைசி இடத்தில் இருந்த கழகங்களுள் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் (2004–05), சண்டர்லாந்து (2013–14), லெஸ்டர் சிட்டி (2014–15), வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (2022–23) ஆகியவை தப்பின.

புள்ளிக் குறைப்பு: 1996–97 இல் பிளாக்பர்ன் ரோவர்சுக்கு எதிரான ஆட்டத்துக்கு வராததற்காக மிடில்ஸ்பரோவின் 3 புள்ளிகள் குறைக்கப்பட்டன. 39 புள்ளிகளுடன் அது தரமிறக்கப்பட, 41 புள்ளிகள் பெற்ற கோவென்ட்ரி சிட்டி தப்பியது. குறைப்பு இல்லாதிருந்தால் மிடில்ஸ்பரோ 42 புள்ளிகளுடன் தப்பியிருக்கும். 2023–24 இல் நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டன் 8 புள்ளிகளையும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளையும் இழந்தன. ஆயினும் இரண்டும் தப்பின.

பெயரும் புகழும்: ஜோ கோல், மைக்கேல் கேரிக், பாவ்லோ டி கானியோ போன்றோர் இருந்ததால் 2002–03 வெஸ்ட் ஹாம் அணி இறங்காது எனப் பலர் கருதினர். மறுதலையாக, 2015–16 இல் லெஸ்டர் சிட்டி தரமிறக்கப்படும் எனப் பலர் கணித்திருந்தனர். அது வாகை சூடுவதற்குப் பந்தய நிறுவனங்கள் 5,000-க்கு 1 என்னும் விகிதத்தை வழங்கின. கிளாடியோ ரனியேரியின் பயிற்சியில் அக்கழகம் 81 புள்ளிகளுடன் வாகை சூடியது.

முன்கணிப்பை மதிப்பிடல்

ஒரு கணிப்பு பலித்ததா இல்லையா என்பதை மட்டும் பார்ப்பது போதுமானதன்று. நிகழ்தகவாகக் கூறப்படும் கணிப்புகளை மதிப்பிட, வானிலையாளர் கிளென் பிரையர் 1950 இல் முன்வைத்த பிரையர் மதிப்பெண் பயன்படுகிறது. கூறிய நிகழ்தகவுக்கும், நிகழ்ந்தால் 1, நிகழாவிடில் 0 எனக் கொள்ளப்படும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமே இம்மதிப்பெண் ஆகும். இது குறைவாக இருப்பதே சிறப்பு. ஒரு கழகம் உறுதியாக இறங்கும் என்று ஒருவரும், 60 விழுக்காடு வாய்ப்புள்ளது என்று மற்றொருவரும் கூற, அக்கழகம் தப்பினால், முதலாமவரின் மதிப்பெண் 1, இரண்டாமவரின் மதிப்பெண் 0.36 ஆகும்.

எதுவும் அறியாத ஒருவர் 20 கழகங்களுக்கும் 15 விழுக்காடு எனக் கூறினால் அவரது மொத்த மதிப்பெண் எப்பருவத்திலும் 2.55 ஆக இருக்கும். தரமுயர்வு பெற்றவற்றுக்கு 53, ஏனையவற்றுக்கு 8 விழுக்காடு எனக் கூறுபவர், 2024–25 போன்ற பருவத்தில் ஏறத்தாழ 0.77 பெறுவார். 2022–23 போன்ற பருவத்தில் அவருக்கு 3.47 கிடைக்கும். இது எதுவும் அறியாதவரின் கணிப்பைவிட மோசமானது. இவ்வீதங்கள் பெறப்பட்ட அதே பத்துப் பருவங்களின் சராசரியில் இவ்வெளிய விதி ஏறத்தாழ 2.03 பெறுகிறது. நிபுணரின் கருத்தோ கணினி மாதிரியோ பயனுடையது என்று கொள்ள வேண்டுமாயின், அது பல பருவங்களின் சராசரியில் இவ்வெளிய விதியை விஞ்ச வேண்டும். ஒரே பருவத்தில் மூன்று கழகங்களையும் சரியாகக் கூறியது மட்டும் அதற்குச் சான்றாகாது.