அம்பாசடரும் பத்மினியும்: ஓர் ஒப்பாய்வு

இரு நூல்களை ஒப்பிட்டு ஆராயுங்கால் அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்ளும் நாம், இரு ஊர்திகளை ஒப்பிடுங்கால் விருப்பு வெறுப்பையே அளவுகோலாக்கி விடுகிறோம். காவிரியின் வடகரையில் முசிறியை அடுத்துள்ள தொட்டியம் பகுதியில், "அம்பாசடருக்கு இணை ஏது?" என்பாரும் உளர், "பியட்டின் சுறுசுறுப்பு அதற்கு வருமா?" என்பாரும் உளர். இவ்வழக்கை எண்களின் துணைகொண்டு ஆராய்வோம்.

பிறப்பு

இரண்டுமே அயல்நாட்டு விதையில் முளைத்தவை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அம்பாசடரைத் தோற்றுவித்தது. இத்தாலியின் பியட் 1100 வகையைப் பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் செய்து வந்தது. 1970களில் அதற்குப் 'பத்மினி' என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் மக்கள் நாவில் அது இறுதிவரை 'பியட்'டாகவே நிலைத்தது.

ஆற்றல்

இரண்டிலும் நான்கு சிலிண்டர் எஞ்சின் முன்புறம் அமைந்து, பின்சக்கரங்களை இயக்கும். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரைத்திறனும் உடையது. பத்மினிக்கோ 1089 கன சென்டிமீட்டரும் ஏறத்தாழ 40 குதிரைத்திறனுமே உண்டு. இவ்வளவில் நின்றால் அம்பாசடரே வென்றது எனத் தீர்ப்பளித்து விடுவோம்.

ஆனால், எஞ்சின் இழுக்க வேண்டிய சுமை எவ்வளவு? அம்பாசடரின் எடை சுமார் 1100 கிலோ. பத்மினியின் எடை சுமார் 900 கிலோ. ஆற்றலை எடையால் வகுத்தால், ஒரு டன்னுக்கு முன்னதற்கு 45, பின்னதற்கு 44 குதிரைத்திறன் கிட்டுகிறது. ஆள் ஏறாத நிலையில் இரண்டும் ஏறக்குறைய சமமே! சிறிய எஞ்சின் சோர்ந்து போகாமைக்குக் காரணம் இதுவே.

பயன்

எனின், வேறுபாடு எங்கே உள்ளது? முன், பின் அச்சுகளின் இடைவெளி அம்பாசடரில் சுமார் 2.46 மீட்டர், பத்மினியில் 2.34 மீட்டர். அகன்ற இருக்கையும் உறுதியான உடலும் கொண்ட அம்பாசடர், வாழைத் தோட்டங்களினூடே செல்லும் மண்பாதைக்கும், திருமணத்திற்குக் குடும்பத்தோடு திருச்சி செல்வோர்க்கும் உகந்தது. எடை குறைந்த பத்மினி, நகர நெரிசலில் எளிதில் திரும்பும். எரிபொருளையும் அளவாகவே கொள்ளும். பம்பாய் வாடகைக்கார் ஓட்டுநர்கள் அதனை விரும்பி ஏற்றமைக்கு இவையும் காரணம் எனலாம்.

நிறைவு

பல்லாண்டுக் காலம் இவ்விரண்டுமே சந்தையை ஆண்டன. உரிமக் கட்டுப்பாட்டால் போட்டி இல்லை. பதிவு செய்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். போட்டியின்மையால் மாற்றமும் மெதுவாகவே வந்தது. 1983 டிசம்பரில் எடை குறைந்த மாருதி 800 வந்தபோது, தராசில் மூன்றாவது தட்டு ஒன்று தோன்றியது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பத்மினியின் உற்பத்தி ஓய்ந்தது. 2014இல் அம்பாசடரின் உற்பத்தியும் நின்றது. மும்பையின் பத்மினி வாடகைக்கார்கள் 2023 அக்டோபரில் விடைபெற்றன.

மாணவச் செல்வங்களே! எதனை ஒப்பிட்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அளவு யாது? அது தாங்கும் சுமை யாது? தராசில் ஏற்றப்படாமல் விடுபட்டது யாது? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னர் வழங்கும் தீர்ப்பே நடுநிலையான தீர்ப்பாகும்.